பொலிஸ் மேசையில் விலைபேசப்படும் கால்கள்



மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் தொழிலாளியிடம் முதலில் வந்து சேர்வது யார்? சட்டத்தரணி வருவதில்லை. காப்புறுதிக் கம்பனி வருவதில்லை. தோட்ட நிர்வாகம் எட்டியும் பார்ப்பதில்லை. மோதிய வாகனக்காரரின் ஆள்தான் வருகிறார். கையில் ஒரு பை பழம், சட்டைப்பையில் கொஞ்சக் காசு, கூடவே ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவர்.

"நடந்தது நடந்துபோச்சு மனே. பொலிசில சமாதானம் எண்டு ஒரு கையெழுத்து வெச்சிருங்க. கேஸ் எண்டு அலைஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

வலியில் கிடப்பவர் கையெழுத்து வைக்கிறார். மருந்துக்கும் போக்குவரத்துக்கும் அந்தக் காசு அப்போதே தேவைப்படுகிறது. இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற வாசகமும் அந்தத் தாளில் இருக்கிறது. அதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டுவதில்லை.

இதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இதைக் கொள்ளை என்கிறேன்.

கணக்கைப் பாருங்கள்

சமாதானத் தொகை 50,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தொழிலாளிக்கு 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 37 நாள் கூலி. சம்பளம் கூடினால் அந்த 37 நாளும் குறையும். தொடையெலும்பு முறிந்தால் பொருந்துவதற்கே மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதன்பின் தென்னந்தோட்டத்தில் தேங்காய் சுமக்கவோ மலையில் கொழுந்துக் கூடையோடு ஏறவோ அந்தக் கால் ஒத்துழைக்குமா என்பது வேறு கேள்வி. இடையில் லீசிங் கம்பனி மாதத் தவணைக்கு அழைப்பு எடுத்துக்கொண்டே இருக்கும். உடைந்த மோட்டார் சைக்கிளுக்கும் தவணை கட்டவேண்டும்.

இந்தக் கணக்கின் மிச்சத்தை நான் வகுப்பறையில் பார்க்கிறேன். தகப்பன் கட்டிலில் விழுந்தால் மூத்த பிள்ளையின் இடம் வகுப்பில் காலியாகிறது. ஐம்பதாயிரத்தில் தீர்ந்துபோனதாக எழுதப்பட்ட விபத்தின் பாக்கியை அந்தப் பிள்ளை கட்டுகிறது.

பொலிசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? விபத்தை விசாரிப்பதும், சாட்சியம் சேகரிப்பதும், குற்றம் செய்தவரை நீதவான் முன் நிறுத்துவதும் பொலிசின் வேலை. ஒரு காலுக்கு என்ன விலை என்று தீர்மானிப்பது அதன் வேலை இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

ஏன் மோட்டார் சைக்கிள்?

"கவனமாக ஓடியிருக்கலாமே, ஏன் பைக்கில் போனாய்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். வாவியின் மேற்கே படுவான்கரையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவருக்குப் பஸ் எங்கே இருக்கிறது? 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் படகுப்பாதையை நம்பி இருந்தார்கள். பாலம் வந்தது, வீதி அகலமானது, வேகமும் வந்தது. பஸ் மட்டும் போதிய அளவு வரவில்லை. அந்த இடைவெளியை மோட்டார் சைக்கிள் நிரப்பியது.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக வரும் ஏ-5 வீதி புல்லுமலை, கரடியனாறு தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. மலையகத் தோட்டங்களையும் இந்த வாவிக் கரையையும் அந்த வீதி இணைக்கிறது. அதில் மணல் டிப்பர் ஓடுகிறது, பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டி ஓடுகிறது, இரவில் மாடு படுத்திருக்கிறது. அதே வீதியில் எங்கள் ஆட்களும் இரண்டு சில்லில் போகிறார்கள். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் சாகிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் பெரும் பங்கு. இது விதி என்றால் அந்த விதி ஏன் ஏழையை மட்டும் தேடி வருகிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, மோதிய வாகனத்தின் காப்புறுதி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதியில் ஓட்டமுடியாது. அந்தக் காப்புறுதி வாகனக்காரருக்காக ஏற்பட்டதல்ல, அடிபடுகிற எங்களுக்காக ஏற்பட்டது. சாரதியின் கவனயீனத்தால் உங்களுக்குக் காயம் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அந்தத் தொகையைக் காப்புறுதிக் கம்பனி கட்டவேண்டும். வைத்தியச் செலவு, இழந்த கூலி, இனி இழக்கப்போகும் கூலி, பட்ட வேதனை எல்லாவற்றையும் அதில் கேட்கலாம். வழக்கு ஆரம்பிக்கும் கட்டத்திலேயே காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்தல் போகவேண்டும். அதைத் தவறவிட்டால் கம்பனி கழன்றுவிடும்.

இரண்டாவது, தோட்டம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் தொழில்தருநரின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின் நிமித்தம் காயம் என்று காட்டினால் போதும். 2022இல் வந்த திருத்தம், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் இந்தப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. எத்தனை தோட்டத்தில் இதை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்? "வீதியில் நடந்தது, தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை" என்று நிர்வாகம் சொன்னால், அது 2022க்கு முந்திய பேச்சு என்று திருப்பிச் சொல்லுங்கள். மதுபோதையால் நேர்ந்த காயத்துக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது, நீதவான் நீதிமன்றம். சாரதி குற்றவாளியாகக் காணப்பட்டால், காயப்பட்டவருக்கு நட்டஈடு கட்டும்படி உத்தரவிட நீதவானுக்கு 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதிகாரம் தருகிறது. பெரும்பாலும் அது சிறு தொகைதான். அதுவே முழு நட்டஈடு என்று நினைத்து மாவட்ட நீதிமன்றக் கதவை மூடிவிடாதீர்கள்.

மோதிவிட்டு ஓடிய வாகனம் எது என்று தெரியவே இல்லையா? அப்போதும் கை விரிக்காதீர்கள். அடையாளம் காணப்படாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்கள் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

எதிர்ப்பேச்சுகளுக்குப் பதில்

"லைசன்ஸ் இல்லை, வாய் திறந்தால் எங்களையே பிடிப்பார்கள்" என்பார்கள். சமாதானக்காரர் முதலில் தூக்குவது இந்தத் துருப்பைத்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது குற்றம், அதற்குரிய தண்டத்தைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் பின்னால் வந்து மோதியவரின் கவனயீனத்தை அது அழித்துவிடாது. உங்கள் பக்கத்திலும் தவறு இருந்தால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் அந்தப் பங்கைக் கழித்து மிச்சத்தைத் தரும். பாதித் தவறு உங்களுடையது என்றாலும் மறுபாதிக்கு நீங்கள் உரித்தானவர். பின்னால் இருந்து போனவருக்கோ ஓட்டுவதில் பங்கே இல்லை. அவர் ஏன் பயப்படவேண்டும்?

"கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுபடும்" என்பது உண்மை. அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. அந்தத் தாமதத்தை நம்பித்தான் கம்பனிகளும் வாகனக்காரரும் எங்களோடு பேரம் பேசுகிறார்கள். ஆனால் பொலிஸ் பிரதி, வைத்திய அறிக்கை, சம்பளத் துண்டு எல்லாம் ஒழுங்காகக் கையில் வைத்துப் பேசுகிறவரின் பேரம் வேறு, வெறுங்கையோடு கட்டிலில் கிடப்பவரின் பேரம் வேறு. பேசித் தீர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. காயம் ஆறுவதற்கு முன், சட்டத்தரணி பார்ப்பதற்கு முன், பொலிஸ் மேசையில் பேசித் தீர்ப்பதற்குத்தான் எதிரி.

"சட்டத்தரணிக்குக் காசு?" வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவத்தான் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் அதன் அலுவலகம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

விபத்து நடந்தால்

1. முதலில் உயிர். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், இலவசம். விழுந்தவரின் தலைக்கவசத்தை அவசரப்பட்டு இழுத்துக் கழற்றவேண்டாம்.

2. மோதிய வாகனத்தின் இலக்கத்தையும் முன்கண்ணாடியில் உள்ள வாகன வரிப்பத்திரத்தையும் போனில் படம் எடுங்கள். பார்த்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள்.

3. அன்றைக்கே பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது 1988இல் 16ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் எழுதப்பட்டது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்குங்கள்.

4. வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்தாரா என்று கேளுங்கள். நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே, மருந்துச் சிட்டை, வாகனக் கூலிச் சிட்டை எதையும் எறியாதீர்கள்.

5. வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ நடந்திருந்தால் தோட்டத்துக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள். பிரதியைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள்.

6. இரண்டு வருடத்தை மறக்காதீர்கள். 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடவேண்டும். "இன்னும் ஒரு மாதம் பொறு மனே" என்று சொல்லிச் சொல்லி இந்த இரண்டு வருடத்தைத் தின்றுவிடுவார்கள்.

7. "முழுத் திருப்தியுடன்", "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய எந்தத் தாளிலும் சட்டத்தரணி பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். அவசர உதவியாகக் காசு தந்தால் அவசர உதவி என்றே எழுதி வாங்குங்கள்.

சங்கம் செய்யவேண்டியது

விபத்தைத் தனிப்பட்ட துயரம் என்று ஒதுக்கிவைத்து, சம்பளத்தை மட்டும் சங்க வேலை என்று நினைக்கும் பழக்கம் எங்களுக்குள்ளும் இருக்கிறது. கூலியை உயர்த்தப் போராடுகிற சங்கம், அந்தக் கூலியை உழைக்கும் கால் உடைந்தால் பேசாமல் இருக்கலாமா? ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் விபத்துக் கோப்பைப் பொறுப்பெடுக்க ஒருவரை நியமிக்கவேண்டும். காயப்பட்டவரின் கட்டிலருகே சமாதானக்காரருக்கு முன் அவர் போய் நிற்கவேண்டும். எங்கள் ஆட்களிலேயே நடுவில் நின்று பங்கு வாங்கும் பெரியவர்கள் இருந்தால், அவர்களுக்குச் சங்க மேடையில் இடம் இருக்கக்கூடாது.

அரசாங்கத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வீதி விபத்து நட்டஈட்டை விசாரிப்பதற்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. நாங்களோ காணி வழக்குகளுக்கு நடுவே மாவட்ட நீதிமன்றத்தில் வரிசையில் நிற்கிறோம். இங்கேயும் தனி விசாரணைச் சபை வேண்டும், அது தமிழில் இயங்கவேண்டும், படுவான்கரைத் தொழிலாளி ஒரு நாள் கூலியை மட்டும் இழந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கவேண்டும்.

தலைக்கவசத்தின் வாரைப் பூட்டுங்கள். பின்னால் இருப்பவருக்கும் போடுங்கள். அனுமதிப்பத்திரம் எடுங்கள். உங்கள் பைக்கின் காப்புறுதியை ஒரு நாளும் காலாவதியாக விடாதீர்கள். இவை எங்கள் கடமை. அதைச் செய்தவரையும் வீதி ஒருநாள் தள்ளிவிழுத்தலாம். அன்றைக்குத் தருமம் கேட்டுக் கை நீட்டாதீர்கள். சட்டத்தில் எழுதப்பட்ட உங்கள் கடனைக் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கம் கூட வரும்.