பழைய வில்லுக்குப் புது மெருகு

பழைய மர வில் ஒன்று கைக்கு வந்தால், யாருக்கும் முதலில் தோன்றுவது நாணைப் பூட்டி ஓர் இழு இழுத்துப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நாற்காலி உடைந்தால் கீழே விழுவோம். இழுத்த வில் உடைந்தால் துண்டு முகத்துக்கு வரும்.

அமெரிக்காவில் 1950, 60-களில் செய்த வில்கள் இன்றும் அங்கே பழைய சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கின்றன. மிச்சிகன் மாநிலம் கிரேலிங்கில் ஃப்ரெட் பேர் நடத்திய தொழிற்சாலையின் வில்கள் அவற்றில் பிரபலமானவை. நடுவில் மேப்பிள் போன்ற மரப் பட்டை, முன்னும் பின்னும் கண்ணாடியிழைப் பட்டை, இடையே பசை. பல வில்களில் மரம் நன்றாகவே இருக்கும். மேலே பூசிய வார்னிஷ்தான் மஞ்சளித்து, வெடித்து, உரிந்திருக்கும்.

முதல் வேலை, போனில் படம் எடுப்பது. வில்லின் நீளம் எத்தனை அங்குலம், 28 அங்குலம் இழுத்தால் எத்தனை பவுண்டு என்பதைப் பல வில்களில் கையாலேயே எழுதியிருப்பார்கள். அழித்துவிட்டால் திரும்ப வராது. அந்த இடத்தில் டேப் ஒட்டி, தொடாமல் விட்டுவிடுங்கள்.

அடுத்து, சிறிது பஞ்சை எடுத்து வில்லின் விளிம்பெங்கும் மெல்லத் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் சிலாம்பு கிளம்பியிருக்கிறது என்று பொருள். குறுக்கே விரிசலோ, பட்டைகளுக்கு நடுவே இடைவெளியோ தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். அந்த வில் சுவரில் மாட்டத்தான்.

சுரண்டுவதில் அவசரம் கூடாது. சூடான காற்று அடிக்கும் கருவியும், பெயின்ட் கரைக்கும் திரவமும் வேண்டாம். இரண்டும் உள்ளே இருக்கும் பசையைக் கெடுத்துவிடலாம். கைச்சுரண்டியால் வார்னிஷை மட்டும் எடுங்கள். பிறகு 220, 320, 400 என்று படிப்படியாக நைசான உப்புத்தாள். எப்போதும் நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் கட்டாயம்.

மரம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். வளையும் பகுதியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே, மரத்தின் விறைப்பு நூற்றுக்கு 27 பங்கு குறைந்துவிடும். ஒரு கை மட்டும் தேய்ந்தால் வில் ஒருபக்கமாக வளையும்.

கண்ணாடியிழை இல்லாத, ஒரே மரத்தில் செய்த வில் என்றால் இன்னும் கவனம். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்க்கும் பக்கம் முதுகு. இழுக்கும்போது வயிறு நசுங்கும், முதுகு விரியும். முதுகில் ஓடும் மரத்தின் ஆண்டு வளையத்தை உப்புத்தாள் அறுத்துவிட்டால், அங்கிருந்துதான் உடையத் தொடங்கும். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. இழுவிசை தாங்கும் வெளிமரம் முதுகிலும், நசுக்கலைத் தாங்கும் உள்மரம் வயிற்றிலும் வரும்படி செய்தவை அவை. அந்த முதுகில் உப்புத்தாளுக்கு வேலையே இல்லை.

தூசியைத் துடைத்து, வார்னிஷை மெல்லிசாக நாலைந்து முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

கடைசியாக, பழைய வில்லுக்கு டேக்ரான் நாண்தான் ஏற்றது. விறைப்பான புது ரக நாண்கள் அதன் நுனியைப் பிளந்துவிடலாம். நாணேற்றியபின் ஒரு மணி நேரம் சும்மா விட்டுவைத்து, பிறகு சில அங்குலம், இன்னும் சில அங்குலம் என்று இழுத்துப் பாருங்கள். டிக்கென்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, மெல்லத் தளர்த்துங்கள். அம்பு வைக்காமல் மட்டும் ஒருபோதும் நாணை விட்டுவிடாதீர்கள். அம்போடு போக வேண்டிய விசை வில்லிலேயே இறங்கும்.