தைவான்: ஒரு வினைச்சொல்

வங்கிக்கு ஒரு கடிதம் வந்தால் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தித் தேதி போடுவேன். அதில் கேட்டிருக்கிற கடனைக் கொடுக்க ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தமில்லை. இந்த வித்தியாசத்தின் மேல்தான் தைவான் என்கிற தீவு அரை நூற்றாண்டாக உட்கார்ந்திருக்கிறது.

தைவான் சீனாவின் பகுதி என்று ஜலசந்தியின் இரு கரைச் சீனர்களும் சொல்வதை, 1972 ஷாங்காய் அறிக்கையில் அமெரிக்கா 'அக்னாலெட்ஜ்' செய்தது. கவனத்தில் கொண்டது, அவ்வளவே. 1979 கூட்டறிக்கையின் சீனப் பிரதியில் அதே இடத்தில் 'செங்ரென்' என்றிருக்கிறது. ஒப்புக்கொள்வது என்றும் அதற்குப் பொருள் உண்டு. அவரவர் பிரதியோடு அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சிலேடையை ராஜதந்திரம் என்று மெச்சுகிறவர்கள் ஒன்றைக் கேட்பதில்லை. இரு கரைச் சீனர்கள் எல்லோரும் சொல்வதாக எழுதினார்களே, தீவில் யாரைக் கேட்டார்கள்? அங்கே 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம். எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறை. 1996 முதல் அந்த மக்கள் தங்கள் அதிபரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அறிக்கை அப்படியே இருக்கிறது.

நாமும் யோக்கியமில்லை. 1995-ல் தைபேயில் நாம் திறந்த அலுவலகத்தின் பெயர் இந்தியா-தைபே சங்கம். தூதரகம் என்ற சொல்லும் இல்லை, தைவான் என்ற பெயரும் இல்லை.

பூடகம்தான் போரைத் தடுத்தது என்பார்கள். இருக்கலாம். கவிதையில் பூடகம் வாசகனுக்கு இடம் தருகிறது. இங்கே அது 2 கோடியே 30 லட்சம் பேரை வாக்கியத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. இதைப் பார்த்தும் 'அரசியல் நமக்கெதற்கு' என்றிருந்தால், எழுதுகிற நாமும் முத்திரை குத்தும் குமாஸ்தாக்கள்தான்.