மாடித்தோட்டத்துக்கு ஹோஸ் பைப்: விளம்பரத்தைப் பார்க்காதீங்க, டேங்க்கைப் பாருங்க!

ஷாப்பிங் ஆப்பில் 'கார்டன் ஹோஸ்' என்று தேடிப் பாருங்கள். ஏழு விதமாகத் தண்ணீர் பீய்ச்சும் கன், மூன்று மடங்கு நீளும் 'மேஜிக் ஹோஸ்' என வரிசை கட்டி நிற்கும். வீடியோவைப் பார்த்ததும் கார்ட்டில் போடத் தோன்றும். ஆனா, மாடிக்குக் கொண்டுபோய் மாட்டினால் கன்னில் இருந்து தண்ணீர் சொட்டும், ஹோஸ் நீளாது. உடனே 'டூப்ளிகேட் பொருள்' என்று ஒரு ஸ்டார் போடுவோம்.

பெரும்பாலும் தப்பு பொருள் மேல் இல்லை. நம்ம வீட்டு டேங்க் இருக்கும் உயரத்துக்கு அந்தப் பொருள் பொருந்தவில்லை, அவ்ளோதான். நீளம், நிறம், விலை எல்லாவற்றையும் சொல்லும் விற்பனைப் பக்கங்கள் 'உங்க டேங்க் எங்க இருக்கு?' என்ற ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் விற்கும் எந்த ஹோஸும் பாதி காசு வீண் என்பதுதான் என் கருத்து.

மாடியில் ஏன் பீய்ச்சாது?

கணக்கு ரொம்ப சிம்பிள். தண்ணீர் ஒவ்வொரு மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும்போதும் சுமார் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். இரண்டு மாடி வீட்டில் டேங்க் மேலே, குழாய் தரைத்தளத்தில் என்றால் 8 மீட்டர் இறக்கம், அதாவது 0.8 பார். சுமாராக வேலை நடக்கும்.

அதே டேங்க் மொட்டை மாடியில் 2 மீட்டர் மேடையில் இருக்கிறது. செடியும் அதே மாடியில் என்றால் கிடைப்பது 0.2 பார்தான். பைப்பை இடுப்பு உயரத்தில் பிடித்தால் அதிலும் பாதி போச்சு. ஆனால், கன் வகைகள் பொதுவாக 2 பார், அதற்கு மேல் அழுத்தம் வரும் லைனுக்காகச் செய்யப்படுபவை. மேஜிக் ஹோஸும் அழுத்தம் இருந்தால்தான் விரியும். பிரஷர் பம்ப் வைத்த அபார்ட்மென்ட் என்றால் இரண்டையும் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

அரை இன்ச்சா, முக்கால் இன்ச்சா?

அழுத்தம் குறைவான மாடிக்கு முக்கால் இன்ச்தான் சரி. முக்கால் இன்ச் பைப்பின் உள்வாய்ப் பரப்பு, அரை இன்ச்சைப் போல 2.25 மடங்கு. 'குழாயே அரை இன்ச்தானே, பைப் மட்டும் பெருசா இருந்து என்ன?' என்று கேட்கலாம். குழாயில் குறுகல் சில சென்டிமீட்டர்தான். பைப்பிலோ 10, 15 மீட்டருக்கு உள்சுவரில் உரசிக்கொண்டே தண்ணீர் வர வேண்டும். அங்கேதான் வேகம் சாகிறது.

ஒரு குறை உண்டு: எடை. 15 மீட்டர் முக்கால் இன்ச் பைப்பில் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும், அதுவே 4 கிலோ. அதனால் நீளத்தைக் குறையுங்கள். குழாயில் இருந்து கடைசித் தொட்டி வரை ஒரு கயிற்றால் அளந்து, ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கினால் போதும். '30 மீட்டர் ஆஃபர்' நமக்கு வேண்டாம்.

எந்த மெட்டீரியல்?

ஒற்றை அடுக்கு பிவிசி பைப் விலை குறைவு. வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும், வெயிலில் விறைத்துப் போகும். நடுவில் நைலான் வலை வைத்த 'பிரெய்டட்' பைப் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதைத்தான் வாங்குவேன். ரப்பர் நன்றாக உழைக்கும். ஆனால், கனம், விலை இரண்டும் அதிகம்.

கண்ணாடி மாதிரி பளிச்சென இருக்கும் பைப்பைத் தவிர்க்கலாம். வெளிச்சம் உள்ளே போவதால் பாசி பிடிக்கும். அடர் நிறம் நல்லது. எதுவானாலும் வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து நிழலில் சுருட்டி வையுங்கள். மே மாத வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் வருவது சுடுதண்ணீர். அதை பக்கெட்டில் பிடித்து, ஆறிய பிறகு செடிக்கு ஊற்றுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

பஞ்சகவ்யா, உரக் கரைசல் கலந்த டிரம்முக்குள் பைப் முனையை முக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். டேங்க் காலியான நேரம் கீழே சமையலறைக் குழாயைத் திறந்தால், டிரம்மில் இருப்பது பின்னோக்கி இழுக்கப்பட்டு வீட்டு லைனுக்குள் வர வாய்ப்பு இருக்கிறது. முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

முதல்ல, பைப் தேவையா?

10 லிட்டர் பக்கெட் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், போன் பேசிக்கொண்டே 15 நிமிடம் பைப் பிடித்தால் 150 லிட்டர் காலி. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசின் அளவுகோல். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் சென்னை. இங்கே இந்தக் கணக்கைப் பார்க்காமல் தோட்டம் போடுவது நியாயமில்லை.

அதனால், 15, 20 தொட்டி வரைக்கும் பூவாளி போதும். எந்தச் செடிக்கு எவ்வளவு போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். தொட்டி அதற்கு மேல் போனாலோ, டேங்க் குழாயில் இருந்து செடிகள் தூரத்தில் இருந்தாலோ பைப் வாங்கலாம். அப்போதும் முனையில் கன்னுக்குப் பதில் திறந்து மூடும் சின்ன வால்வு ஒன்றைப் போடுங்கள். அடுத்த தொட்டிக்கு நகரும் நேரத்தில் தண்ணீர் தரையில் ஓடாது.

வாங்கும் முன் செக் லிஸ்ட்:

* டேங்க்குக்கும் செடிக்கும் எத்தனை மீட்டர் உயர வித்தியாசம்?
* கயிற்றால் அளந்த நீளம் எவ்வளவு?
* குழாயின் அளவுக்குப் பொருந்தும் அடாப்டர், கிளாம்ப் இருக்கிறதா?
* பைப்பை 'யூ' மாதிரி வளைத்தால் மடிகிறதா?

கடைசிக் கேள்விக்கு ஆப்பில் பதில் கிடைக்காது. பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடைக்குப் போய், கையில் எடுத்து வளைத்துப் பார்த்து வாங்குங்க.