அப்பாவுக்கும் அரை மணி நேரம் உண்டு!

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் தாய், கோழி கூவும் முன்பே எழுந்து விடுகிறாள்.

வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அதனால் இருட்டிலேயே அடுப்பை மூட்டுகிறாள். சோறு வடிக்கிறாள். தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் புறப்படுகிறாள்.

உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறாள். உப்பைத் தலையில் சுமக்கிறாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடிக்கிறது. வெள்ளை வெளேரென்ற உப்பில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது.

வீடு திரும்பிய பிறகாவது இளைப்பாற முடிகிறதா? இல்லை! தண்ணீர் பிடிக்க வேண்டும். பாத்திரம் துலக்க வேண்டும். மறுபடியும் அடுப்பு!

அதற்கு நடுவே, "அம்மா, கணக்குச் சொல்லிக் கொடு" என்று பிள்ளை வந்து நிற்கிறது. "போ அந்தப் பக்கம்!" என்று எரிந்து விழுகிறாள். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் அல்ல. உடம்பில் தெம்பு இல்லாமல்!

அந்த நேரத்தில் அப்பா எங்கே?

அவரும் உழைத்துக் களைத்துத்தான் வருகிறார். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு டீக்கடை இருக்கிறது. திண்ணை இருக்கிறது. கையில் செல்போன் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன இருக்கிறது?

எல்லா வீட்டிலும் இதே கதை

இது உப்பளத்துக் கதை மட்டும் அல்ல. தெற்கே இடையஞ்சாவடிப் பக்கம் வந்து பாருங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆரோவில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர்களும் உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதித்தால்தான் குடும்பம் ஓடும் என்ற காலம் இது.

சம்பாதிப்பதில் இருவருக்கும் பங்கு உண்டு. பிள்ளையைக் கவனிப்பதில் மட்டும் ஒருவருக்கே முழுப் பொறுப்பு. இது நியாயம்தானா?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம், அப்பா பிள்ளையோடு உட்கார வேண்டும். இது அம்மாவுக்குச் செய்யும் உதவி அல்ல. பிள்ளைக்குச் செலுத்த வேண்டிய கடன்!

"எனக்குப் படிப்பு வராதே!"

பல அப்பாக்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் படித்ததை மறந்தார்கள். அதைச் சரிசெய்ய 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் வந்தது. அது தொடங்கப்பட்ட இடம் எது தெரியுமா? நம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம்தான்! 2021-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே தொடங்கி வைத்தார். தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

அதேபோல, 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு அது தமிழ்நாடு முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. விடியும் முன்பே வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

பாடம் சொல்ல ஆள் வரலாம். பசிக்குச் சோறு வரலாம். ஆனால் அப்பாவுக்குப் பதிலாக யார் வர முடியும்?

எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இன்று யாரோடு விளையாடினாய்? வாத்தியார் என்ன கதை சொன்னார்?" என்று கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்று மட்டும் தொடங்காதீர்கள். உடனே பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்!

உங்கள் தொழிலையே பாடமாக்கலாம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அப்படியானால் 10 லிட்டரில் எவ்வளவு? பிள்ளை கணக்குப் போட்டு 350 கிராம் என்று சொல்லட்டும். தண்ணீர் எப்படி வற்றுகிறது, உப்பு எப்படிப் பூக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள். 'என் அப்பாவுக்கு இவ்வளவு தெரியுமா?' என்று பிள்ளை வாய் பிளக்கும்.

செல்போனுக்கும் ஓய்வு

அந்த அரை மணி நேரம் செல்போன் அலமாரியில் இருக்கட்டும். அப்பாவின் போனும்தான்!

அழுகிற குழந்தையின் கையில் செல்போனைக் கொடுப்பது சுலபம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு சொல்லியிருக்கிறது. 3, 4 வயதுக் குழந்தைகள் 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. வீட்டில் நடுநிசி வரை டி.வி. அலறினால் குழந்தை எப்படித் தூங்கும்?

மாலை எங்கே போகிறது?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சில வீடுகளில் அப்பாவின் மாலைப் பொழுதைக் குடி விழுங்கி விடுகிறது.

2023-ம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்குப் பலர் பலியானார்கள். மாண்டவர்களைக் குறை கூற இதை எழுதவில்லை. ஒரு மாலைப் பொழுதின் விலை எவ்வளவு என்பதை அந்தக் குடும்பங்கள்தான் அறியும். உயிரோடு இருக்கும் அப்பாக்கள் நேரே வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அம்மா உட்காரட்டும்

அப்பா பிள்ளையோடு உட்காரும்போது அம்மா என்ன செய்ய வேண்டும்? இன்னொரு வேலையைத் தொடங்கக் கூடாது. அவளும் உட்கார வேண்டும்! நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவட்டும். வயிறாரத் தண்ணீர் குடிக்கட்டும். தாய் நலமாக இருந்தால்தான் குடும்பம் நலமாக இருக்கும்.

அப்பா வெளியூரில் இருக்கிறாரா? தாத்தா உட்காரட்டும். மாமா உட்காரட்டும். அப்பா இரவில் போனில் அழைத்துப் பிள்ளையிடம் பேசட்டும்.

"நேரம் இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். உப்பளத்தில் வேலை இராது. குறைந்தது அந்த மாதங்களிலாவது தொடங்கலாமே!

இந்த மழை போனால் அடுத்த மழை வரும். பாத்தியில் மறுபடியும் உப்பு விளையும். ஆனால் பிள்ளையின் ஏழு வயது ஒரு முறைதான் வரும்.

அப்பாக்களே, இன்று மாலையே தொடங்குங்கள்!