கல்லுக்குள்ளே ஈரம்!

ஐ.வி.ன்னாலே ஜாலி டூர்தானே? நாங்களும் அப்படித்தான் புனே பக்கம் ஒரு கல் குவாரிக்குப் போனோம். 'ரோடு போட ஆளுக்கு ஒரு நல்ல கல் எடுத்துட்டு வாங்க' என்றார் சார். இருக்கறதிலேயே சூப்பர் ஃபிகரா ஒரு கல்லைத் தூக்கிட்டு ஓடினேன். கறுப்புப் பாறையில் ஒரு பொந்து. உள்சுவர் பூரா பச்சைப் பூச்சு. அதுமேல ரோஸ் கலர் படிகங்கள். சார் சொன்னது ஒரே வார்த்தை... 'ரிஜெக்ட்!'

செம பல்பு! ஆனா, அந்தப் பொந்தோட ஃப்ளாஷ்பேக்கைக் கேளுங்க.

சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்கா வழிஞ்சது. உள்ளே இருந்த வாயு, சோடா பாட்டில் மாதிரி குமிழ் குமிழா மேலே வரப் பார்த்தது. அதுக்குள்ள பாறை இறுகிடுச்சு. குமிழெல்லாம் பொந்தாகிடுச்சு. பிறகு, வெதுவெதுப்பான நிலத்தடி நீர் பாறையைக் கரைச்சுக்கிட்டே உள்ளே கசிஞ்சு, சுவரில் பச்சைக் களிமண் கனிமத்தைப் பூசியது. அதுமேல ஸ்டில்பைட், ஹ்யூலண்டைட் என்று ஜியோலைட் படிகங்கள் வளர்ந்தன.

1756-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கிரோன்ஸ்டெட் இப்படி ஒரு கல்லைச் சூடு பண்ண, அது நுரைச்சுப் பொங்கியது. அதனால்தான் கிரேக்கத்தில் 'கொதிக்கும் கல்' என்று பேர் வெச்சார். ஜியோலைட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கூண்டுகள் இருக்கு. அதில் தண்ணீர் ஒளிஞ்சிருக்கு. சோடியத்தை வெளியே விட்டு, கால்சியத்தை உள்ளே இழுக்கறதால வாஷிங் பவுடரில் செயற்கை ஜியோலைட் சேர்க்கறாங்க. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு, கதிரியக்க சீசியத்தைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவும் ஜியோலைட்தான் கை கொடுத்தது.

அப்புறம் ஏன் பாஸ் ரிஜெக்ட்? வில்லன் அந்தப் பச்சைக் களிமண்! நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். இந்த வகைக் களிமண் ஜாஸ்தியா இருக்கற ஜல்லியைப் போட்டா, ரோடு சீக்கிரமே பல்லைக் காட்டும். அந்தப் பள்ளத்தில் பைக்கோட விழறது நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். சார் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்.

திரும்பும்போது, உளி பிடிச்ச அண்ணன் ஒருத்தர் என் கல்லைப் பழைய பேப்பரில் பக்குவமா சுத்திக் கொடுத்தார். இதே மாதிரிக் கற்களுக்காகவே நாசிக் பக்கம் சின்னரில் 'கார்கோட்டி'ன்னு ஒரு மியூசியமே இருக்கு. ரோட்டுக்கு ரிஜெக்ட், ஷோகேஸுக்கு செலக்ட்!

கேம்பஸ் இன்டர்வியூவில் கழட்டி விடப்பட்ட நண்பர்களே... யாராவது ரிஜெக்ட்ன்னா உடனே உடைஞ்சு போயிடாதீங்க. 'எந்த வேலைக்கு?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாமா? டாட்டா!