உடலுக்கும் ஒரு போகி

ஆண்டின் முதல் நாளன்று உறுதிமொழி எடுப்பது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. ‘நாளை முதல் அதிகாலையில் எழுவேன், நாள்தோறும் ஓடுவேன், இனிப்பைத் தொடமாட்டேன்’ என்று பலரும் உறுதி கூறுகின்றனர். பெங்களூரின் சனவரிக் குளிரில் காலையில் போர்வையை விலக்குவதே பெரும்பாடு. முதல் வாரம் முடிவதற்குள் உறுதிமொழிகள் பல மறைந்துவிடுகின்றன. மனவலிமை இல்லாமைதான் இதற்குக் காரணம் என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. தம் பழக்கம் இன்னதென்று அறியாமலேயே அதனை மாற்ற முனைவதுதான் முதன்மைக் காரணம்.

எனவே, உறுதிமொழிக்கு உரிய நாள் போகியே என்பது என் கருத்து. போகிக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது, ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்த பிறகே வேண்டாததை அகற்றுகிறோம். உடலைப் பொறுத்தும் அதுவே முறை. புத்தாண்டுக்கும் போகிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் உள்ளன. அந்நாள்களில் எதையும் மாற்ற வேண்டா. உண்டது, பருகியது, விளையாடிய நேரம், உறங்கிய நேரம் ஆகியவற்றை மட்டும் ஓர் ஏட்டில் எழுதி வாருங்கள்.

எழுதியதை எதனோடு ஒப்பிடுவது? 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 13 வயதைக் கடந்த மாணவர்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பர் மருத்துவர். சர்க்கரையின் அளவைக் காட்டப் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு 2025 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. அறிவுறுத்தியது. 300 மில்லி லிட்டர் குளிர்பானம் ஒன்றில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கக்கூடும். அஃது ஆறு தேக்கரண்டிக்குக் குறையாது. பலகை பொதுவான அளவைக் கூறும். நாம் பருகிய அளவை நம் ஏடுதான் கூறும்.

‘பெற்றோர் தருவதைத்தானே உண்கிறோம்? எங்கள் கையில் என்ன இருக்கிறது?’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பங்களில் தாயும் தந்தையும் விடியலிலேயே வேலைக்குப் புறப்படுகின்றனர். நாள்தோறும் விரிவாகச் சமைக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. ஆயினும், கைச்செலவுப் பணத்தில் எதை வாங்குவது, இரவில் கைப்பேசியை எப்போது வைப்பது, மாலையில் விளையாடச் செல்வதா வேண்டாவா என்பவை பெரும்பாலும் உங்கள் முடிவுகளே.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தின் தலைப்பு ‘மருந்து’. ஆனால், வள்ளுவர் அதில் எந்த மருந்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுமாறே வலியுறுத்துகிறார். அறிதலை அவர் முதலில் வைத்தது எண்ணத்தக்கது.

கணக்கு எழுதுவதால் பண்டிகை இனிப்பை அஞ்ச வேண்டியதில்லை. சங்கராந்தியன்று கன்னட நண்பர்கள் எள், வெல்லம், நிலக்கடலை, கொப்பரை, பொட்டுக்கடலை கலந்து அன்போடு தருவர், மகிழ்ந்து உண்ணுங்கள். ஆண்டுக்கொருமுறை உண்ணும் சர்க்கரைப் பொங்கலைவிட, நாள்தோறும் எண்ணாமல் பருகும் குளிர்பானமே உடலுக்குக் கேடு.

போகி நாளில் ஏட்டைப் புரட்டி, ஒரே ஒரு பழக்கத்தை அகற்றுங்கள். அகற்றிய இடத்தை வெறுமையாக விட்டால் பழையது திரும்பிவிடும். குளிர்பானத்தை நீக்கினால் அவ்விடத்தில் மோரையோ கேழ்வரகுக் கூழையோ வையுங்கள். கேழ்வரகு விளைச்சலில் இந்தியாவிலேயே முதலிடம் வகிப்பது நாம் வாழும் கருநாடகம். அதன் மாவு தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். கூழ் காய்ச்சும் முறையை ஊரிலுள்ள பாட்டியிடம் கேட்டு அறியலாம்.

மாணவர்களே, பத்து உறுதிமொழிகளை எடுத்துப் பத்தையும் கைவிடுவதைக் காட்டிலும், ஒன்றை அறிந்து மாற்றுவதே மேல். ஏட்டின் முதல் பக்கத்தை இன்றே தொடங்குங்கள்.