வாடிக்கை யாருடைய சொத்து?

தூத்துக்குடியில் குளியலறைத் தரையைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அழுக்கைவிட உப்புக்கறைதான் அதிகம் வேலை வாங்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் வெள்ளையாகப் படிகிறது, கடற்காற்று ஜன்னல் கம்பியை அரிக்கிறது. வீட்டுக்கார அம்மா கையால் தேய்த்துத் தீராத இந்த வேலையை நம்பித்தான் மில்லர்புரத்திலும் பிரையண்ட் நகரிலும் சின்னச் சின்ன துப்புரவு நிறுவனங்கள் பிழைக்கின்றன. ஒரு சின்ன யானை வண்டி, தண்ணீரைப் பீய்ச்சும் ஒரு மோட்டார், தரை தேய்க்கும் ஒரு மெஷின், ஐந்தாறு ஆட்கள், ஒரு வாட்ஸ்அப் எண். முதலீடு இவ்வளவுதான். மீதியெல்லாம் வாடிக்கை.

அந்த வாடிக்கைதான் ஒருநாள் நடந்து போய்விடுகிறது. சூப்பர்வைசர் வேலையை விட்டு நிற்கிறார். அடுத்த மாதம் தொட்டி கழுவ வேண்டிய பத்துப் பன்னிரண்டு வீடுகள் போனை எடுப்பதில்லை. விசாரித்தால், அந்த சூப்பர்வைசரே மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் பாதிக் காசுக்கு முடித்துக் கொடுத்திருப்பார். சதி என்று சொல்லிவிடவும் முடியாது. பெரும்பாலும் பேச்சை ஆரம்பிப்பது வீட்டுக்காரர்தான். “அடுத்த வாட்டி நீங்களே நேரா வந்துருங்க அண்ணாச்சி, ஆபீஸ்ல எதுக்குச் சொல்லிக்கிட்டு?”

அடிபட்ட முதலாளி வக்கீலிடம் ஓடுகிறார். இனி வேலைக்குச் சேருகிறவர் எவரும் விலகிய பிறகு இரண்டு வருஷம் இதே தொழில் செய்யக் கூடாது என்று முத்திரைத் தாளில் ஒரு பத்திரம் தயாராகிறது. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். முதலாளிக்குத் தூக்கம் வருகிறது. அந்தத் தாளுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதை அவர் கேட்டிருந்தால் வந்திருக்காது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 27-ஆம் பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ‘நியாயமான தடையா’ என்று எடைபோட்டுப் பார்க்கும் இங்கிலாந்து வழக்கத்துக்கு அதில் இடமில்லை. இரண்டு வருஷ காலத்தில், 1874-இலேயே, கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை உரசிப் பார்த்துவிட்டது. ஒரே பேட்டையில் போட்டியாக இருந்த இரண்டு பித்தளை வியாபாரிகள். ஒருவர் கடையை மூடினால், அவர் தன் வேலையாட்களுக்குக் கொடுத்த 900 ரூபாய் முன்பணத்தை மற்றவர் ஈடு செய்வதாகப் பேச்சு. கடை மூடப்பட்டது, பணம் வரவில்லை. வழக்குப் போட்டவர் தோற்றார். ஒரு பேட்டைக்குள் மட்டும்தானே தடை என்ற வாதம் எடுபடவில்லை. தடை தடைதான், ஒப்பந்தமே செல்லாது என்றது தீர்ப்பு.

துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான வழக்கு 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சூப்பரிண்டெண்டன்ஸ் கம்பெனி என்ற நிறுவனம் சரக்கின் தரத்தையும் அளவையும் சோதித்துச் சான்று தரும் வேலை செய்தது. வ.உ.சி. துறைமுகத்திலும் கப்பலுக்குக் கப்பல் நடக்கிற வேலைதான் அது. அதன் டெல்லிக் கிளை மேலாளர், வேலை போனதும் அதே ஊரில் அதே தொழிலைத் தொடங்கினார். விலகிய பின் இரண்டு வருஷம் கடைசியாக வேலை பார்த்த ஊரில் போட்டித் தொழில் கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனி தோற்றது. வேலையை விட்டு ‘விலகினால்’ என்றுதான் பத்திரம் சொல்கிறது, இவரோ விலக்கப்பட்டவர் என்பது இரண்டு நீதிபதிகள் சொன்ன காரணம். மூன்றாமவரான நீதிபதி ஏ.பி. சென் ஒரு படி மேலே போனார்: வேலை முடிந்த பிறகும் நீளும் தடை 27-ஆம் பிரிவின்படியே செல்லாது என்றார். அதன்பின் வந்த தீர்ப்புகள் அந்த வழியில்தான் போகின்றன.

வேலையில் இருக்கும் காலத்துக் கதை வேறு. சம்பளம் வாங்கிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மெஷினை எடுத்துப்போய்ச் சொந்தக் கணக்கில் வேலை செய்வதைத் தடுக்கலாம். 1967-இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில், ஒப்பந்த காலம் முடியும் முன்னே போட்டி ஆலைக்குப் போன ஊழியரை உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் நின்றது. அதைப் படித்துவிட்டு எந்தத் துப்புரவு முதலாளியும் குஷியாக வேண்டியதில்லை. ஆள் எடுக்கப் பெரும் செலவு செய்யும் பொதுத்துறை வங்கி அது. இரண்டு நாளில் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டவரிடம் லட்சக்கணக்கில் கேட்டால், உனக்கு என்ன நஷ்டம், கணக்கைக் காட்டு என்பார் நீதிபதி.

வாடிக்கையாளர் பட்டியலுக்காவது காவல் உண்டா? ஓரளவு உண்டு. தபால் வழி விற்பனை நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் விவரத் தொகுப்பை அள்ளிப்போன முன்னாள் ஊழியரை 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்தத் தொகுப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 2006-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, வேலையை விட்ட அதிகாரி வங்கியின் வாடிக்கையாளர்களோடு பேசவே கூடாது என்று கேட்டபோது அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து நகலெடுத்துப் போனால் பிடிக்கலாம். ஒருவர் தலைக்குள் இருக்கும் பெயர்களை என்ன செய்வது? ஆறு மாதம் ஒரு வீட்டுக்குப் போய் வந்தவருக்கு அந்த அக்காவின் எண் மட்டுமா தெரியும், நாய் எந்த நேரத்தில் கட்டியிருக்கும் என்பதும் தெரியும்.

ஆகவே சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைப்பது ஒன்று. கை நிறைய முன்பணம் கொடுத்து, அது கழியும்வரை வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்பது இன்னொன்று. முன்பணத்தால் ஆளைப் பிடித்து வைப்பது மீன் வியாபாரத்தில் பழகிய இந்தக் கரைக்கு இது தவறாகவே தோன்றாது. ஆனால் கடனுக்கு ஈடாக ஒருவர் வேறு வேலை தேடும் சுதந்திரத்தை இழந்தால் அது கொத்தடிமைமுறை என்றே 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. வாடிக்கையைக் காப்பாற்றப் போய் கோட்டாட்சியர் விசாரணையில் நிற்க நேரும்.

கொஞ்சம் பலனுள்ள வேலி வாடிக்கையாளர் பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளி, மீன் பதனிடும் ஆலை போன்ற இடங்களோடு எழுத்து ஒப்பந்தம் போடும்போது, எங்கள் ஆட்களை நீங்கள் நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்தால் இவ்வளவு ஈடு தர வேண்டும் என்று எழுதலாம். விப்ரோவும் பெக்மன் கூல்ட்டர் நிறுவனமும் மோதிய வழக்கில், இப்படிப்பட்ட நிபந்தனை நிறுவனத்தைத்தான் கட்டுகிறது, ஊழியரைக் கட்டவில்லை என்று 2006-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கொண்டது. போன ஊழியரைத் திருப்பி இழுக்க முடியாது, நஷ்டஈடு கேட்கலாம். அமெரிக்காவில் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. நியூயார்க், நியூஜெர்சி கட்டடங்களுக்குத் துப்புரவாளரையும் வாயிற்காவலரையும் அனுப்பும் கார்டியன், பிளான்டு என்ற இரண்டு நிறுவனங்களின் இதே வகை நிபந்தனைகளை, கூலியை அமுக்கும் சூழ்ச்சி என்று சொல்லி அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் நிறுத்தச் செய்தது. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. முதலாளிக்கு வேலியாக இருப்பது தொழிலாளிக்குச் சம்பள உயர்வைத் தடுக்கும் சுவராக இருக்கும்.

வீடுகளிடம் இந்த ஒப்பந்தமும் நடக்காது. தொட்டி கழுவ 5 பக்கப் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? அங்கே வாடிக்கையாளரை நிறுத்தி வைப்பது அவருடைய சொந்த லாபமாகத்தான் இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி வேலையில் அது வெளிப்படை. சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் தப்ப முடியாது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. உறிஞ்சு லாரியும் காப்பீடும் வைத்திருக்கும் நிறுவனத்தை விட்டுவிட்டு, பாதிக் காசுக்கு வருகிறவரை அழைப்பதில் இருக்கும் ஆபத்தை எடுத்துச் சொல்ல எந்தப் பத்திரமும் தேவையில்லை.

தரை துடைக்கும் வேலைக்கு அப்படிப்பட்ட பயம் கிடையாது. அங்கே பணக்காரக் கம்பெனிகளே தோற்றிருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் ஹோம்ஜாய், வீட்டுக்குத் துப்புரவாளரை அனுப்பும் செயலி. கோடிக்கணக்கான டாலர் முதலீடு திரட்டி, முதல் முறை 19 டாலர் என்று ஆள் பிடித்தது. 2015 ஜூலையில் கடையைக் கட்டியது. தொழிலாளர் வழக்குகளைத்தான் நிறுவனம் காரணமாகச் சொன்னது. ஆனால் மலிவுக்கு வந்தவர்கள் திரும்பி வராததும், கை சுத்தமான ஆள் கிடைத்த குடும்பங்கள் செயலியை விட்டு நேராக அவரையே கூப்பிட்டுக்கொண்டதும் அன்றைய பத்திரிகைகளில் அலசப்பட்டன. நல்ல ஆளை அறிமுகம் செய்வதோடு நடுவில் இருப்பவரின் வேலை முடிந்துவிட்டால், அவருக்குத் தொடர்ந்து தரகு கொடுக்க யாருக்கும் மனம் வராது.

முத்துக்குளித்துறைக்கு இந்தச் சிக்கல் பழையது. கடலடியில் என்ன கிடைக்கிறது என்பது குளியாளிக்கு மட்டும் தெரியும். கரையில் இருக்கும் அரசாங்கமோ படகு முதலாளியான சம்மாட்டியோ அவன் பின்னால் மூழ்க முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில் அரசு நடத்திய குளிப்பில் குளியாளிக்குக் கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு படகோடு வந்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். தங்கள் பங்கைப் படகோடு வந்தவர்கள் கரையிலேயே விற்றுக் காசாக்கிக்கொள்வார்கள். திருட்டு அடியோடு நின்றுவிடவில்லை, காவலும் சோதனையும் இருக்கத்தான் செய்தன. ஆனாலும் கண்காணிக்க முடியாத வேலைக்குப் பங்குதான் சரியான சம்பளம் என்பது அந்தக் கணக்கில் இருந்தது. 1961-க்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோனது.

இந்தப் பங்குக் கணக்கை நவீனச் சட்டமும் கைவிடவில்லை என்பது பல முதலாளிகளுக்குத் தெரியாது. வேலையாளைக் கட்ட மறுக்கும் அதே சட்டம் பங்குதாரரைக் கட்ட அனுமதிக்கிறது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவைப் பாருங்கள். விலகிய பங்குதாரர் போட்டித் தொழில் செய்யலாம். ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர் விலகும் முன் கூட்டு நிறுவனத்தோடு வரவு செலவு வைத்திருந்த வாடிக்கையாளர்களைத் தேடிப்போய் அழைக்கக் கூடாது. நிறுவனத்தின் பெயரையும் பயன்படுத்தக் கூடாது. அதற்கும் மேலே, குறிப்பிட்ட காலத்துக்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ அதே தொழில் செய்வதில்லை என்று எழுதிக்கொண்டால், தடை நியாயமாக இருக்கும்வரை 27-ஆம் பிரிவு குறுக்கே நிற்காது. வேலையாளிடம் வாங்கிய எந்த முத்திரைத் தாளிலும் கிடைக்காத பாதுகாப்பு இது.

விலை உண்டு. பங்குதாரருக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும், தொழிலின் பேரில் அவர் செய்கிற காரியத்துக்கும் வாங்குகிற கடனுக்கும் முதலாளியும் பொறுப்பு. எல்லாத் தொழிலாளிக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. வாடிக்கை போவது பெரும்பாலும் ஒரே ஒருவர் வழியாக, வீடு வீடாகப் போய் விலை பேசும் அந்த சூப்பர்வைசர் வழியாக. ஏரியா பிரித்து, அவர் பார்க்கும் பகுதியின் லாபத்தில் அவரைப் பங்குதாரராக்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கிறது? இருபது வீட்டைத் தாங்கிப் பிடிப்பவருக்கு மாதச் சம்பளத்தோடு தீபாவளிக்கு ஒரு சட்டைத்துணி கொடுத்துவிட்டு விசுவாசம் பேசுகிறவர்கள்தான் அதிகம்.

பெயருக்குப் பங்குதாரர் என்று எழுதிவிட்டு வேலையாளாகவே நடத்தினாலும் பலிக்காது. லாபத்தில் பங்கு வாங்குவதாலேயே ஒருவர் பங்குதாரர் ஆகிவிடமாட்டார், உண்மையான உறவு என்ன என்று பார்க்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு. கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் 69-ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தத்தை வைத்துப் பங்குதாரர் மேல் வழக்கே போட முடியாது. எல்லையையும் பேராசையில்லாமல் எழுத வேண்டும். மாநகராட்சிக்குள் ஒரு வருஷம் என்றால் நீதிமன்றம் கேட்கும். தமிழ்நாடு முழுக்கப் பத்து வருஷம் என்று எழுதினால், அவர் திருநெல்வேலியில் வாளியும் பிரஷுமாகத் தொழில் தொடங்குவதை எந்த நீதிபதியும் தடுக்கப் போவதில்லை.